யாருக்கும் இல்லாத பெயர்

வெளிநாட்டில் எங்கேயோ ஒரு அம்மாள் இருக்கிறாராம். தலை பாதி நரைத்தவராம். இன்றைக்கு இந்த ஊரில் தெருவுக்கு நாலு பெண்களுக்கு இருக்கிற அந்தப் பெயர் முதன்முதலில் தனக்குத்தான் வைக்கப்பட்டது, தனக்கு முன்னால் இங்கே யாருக்குமே அது கிடையாது என்று அடித்துச் சொல்கிறாராம்.

பேக்கரிக்கு வந்து சேர்வதற்குள் இந்தப் பேச்சு மூன்று வாய் மாறிவிட்டது. எதிர்ச்சாரியில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து போனில் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா மருந்துக் கடையில் சொன்னார். மருந்துக் கடைக்காரர் ரொட்டி வாங்க வந்த இடத்தில் கல்லாவில் இருந்த பெண்ணிடம் சொன்னார். அவள் உள்ளே தலையை நீட்டி மாஸ்டரிடம் சொன்னாள்.

“கேட்டீங்களா மாஸ்டர், நம்ம பேருக்கு அங்க ஒரு அம்மா பட்டா கேக்கறாங்களாம்.”

‘நம்ம பேரு’ என்று அவள் சொன்னதில் தப்பில்லை. கல்லாப் பெண்ணுக்கும் அதே பெயர்தான்.

மாஸ்டர் அப்போது ஒரு கேக்கின் ஓரத்தில் கிரீமால் பூ வைத்துக்கொண்டிருந்தார். பாதிப் பூவில் கை நின்றுவிட்டது. நின்ற இடத்தில் கிரீம் குவிந்து பூ காலிஃபிளவர் மாதிரி ஆகிவிட்டது. அதைக் கத்தியால் வழித்து எடுத்தார். “நீ போய்க் கல்லாவைப் பாரு பாப்பா” என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. மருந்துக் கடைக்காரருக்கு அது ஏதோ டி.வி. தொடரில் வந்த பெயர். எந்தத் தொடர் என்று மட்டும் கேட்கக் கூடாது, கோபித்துக்கொள்வார். பள்ளிக்கூடத் தமிழாசிரியை அதைப் பிரித்து, கூட்டி, கடைசியில் விடியலுக்கு முன் வருகிற வெளிச்சம் என்று பொருள் கண்டுபிடித்தார். பல் டாக்டரோ அது தமிழே இல்லை, கடல் தாண்டி வந்தது, முத்து என்று அர்த்தம் என்று நோயாளியின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே வாதாடுவார். எதிர்வாதம் பேச அந்த நிலையில் யாரால் முடியும்? ஒரு வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெயரில் ஐந்து பேர் சேர்ந்துவிட, பிள்ளைகளே அவர்களுக்கு நெட்டை, குட்டை, சுருட்டை, கண்ணாடி என்று முன்னொட்டு போட்டுக்கொண்டார்கள். ஐந்தாமவளுக்கு அடையாளம் எதுவும் அகப்படாமல் அவள் பெயருக்கு முன்னால் ‘சும்மா’ என்று வைத்தார்கள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் கூட்டாளிகளுக்கு அவள் ‘சும்மா’தான்.

பெயர் எங்கிருந்து வந்தது என்று நிஜமாகவே தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவரை யாரும் கேட்டதில்லை. கேக் மாஸ்டரிடம் போய்ப் பெயருக்கு அர்த்தம் கேட்பார்களா? கேக்கில் என்ன பெயர் எழுத வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயர்கூட ‘மாஸ்டர்’ என்ற சொல்லுக்கு அடியில் எப்போதோ புதைந்து போயிற்று. திடீரென்று கேட்டால் பெண்டாட்டியே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வார்.

மாஸ்டரின் அப்பா பஸ் டிரைவர். விடிகாலை முதல் பஸ் அவருடையது. கல்யாணமான புதிதில் அவர் ஓட்டிய தடம் வேறொரு ஊரில் போய் முடியும். அந்தக் கடைசி நிறுத்தத்தை ஒட்டி ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு அவர் பல் விளக்குகிற நேரத்தில் அந்த வீட்டுத் தாய் மகளை எழுப்புவாள். தாயையும் அவர் பார்த்ததில்லை, மகளையும் பார்த்ததில்லை. கேட்டதெல்லாம் கூப்பிடுகிற குரல் மட்டும். அந்தப் பெண்ணோ கும்பகர்ணி. ஏழெட்டுத் தடவை கூப்பிட வேண்டும். அப்படியும் ஒரு நாளாவது அந்தக் குரலில் எரிச்சல் ஏற வேண்டுமே, ஏறாது. அது எப்படி என்று அவருக்கு ஆச்சரியம். ஆளில்லாத பஸ்ஸில் உட்கார்ந்து, யாரையோ திட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தானே அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தாராம். முடியவில்லை. முதல் இரண்டு எழுத்தில் கோபம் நிற்கிறது. கடைசி எழுத்து வாயைத் திறந்து விட்டுவிடுகிறது. திட்ட வந்தவன் பாட ஆரம்பித்த மாதிரி ஆகிவிடுகிறது.

“எனக்குக் கோபம் ஜாஸ்தி. பொண்ணு பொறந்தா அந்தப் பேருதான் வைக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்” என்பார். அவருக்குத் தெரிந்த பொருள் அவ்வளவுதான்: கோபமாகக் கூப்பிட முடியாத பெயர்.

“பேரு மேல ஆசையா, மதிலுக்கு அந்தப் பக்கம் ஆசையா, யாரு கண்டா?” என்று அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே இடிப்பாள்.

அந்தப் பெயரோடு வளர்ந்த அக்காவுக்கு அது பெரிய தொந்தரவு. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் முறை வந்தால் வாத்தியார் ஒரு தடவை தடுக்கி நிற்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் “என்னது?” என்பார்கள். இரண்டாம் தடவை சொன்னால் “அப்படின்னா?” என்பார்கள். ஒரு நாள் புத்தகப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அப்பாவிடம் சண்டைக்கு நின்றாள். ஊரில் யாருக்குமே இல்லாத பெயரை ஏன் என் தலையில் கட்டினாய் என்று கேட்டாள். அப்பா சிரித்தார். யாருக்கும் இல்லாததைத்தான் உனக்குக் கொடுத்தேன் என்றார்.

மாஸ்டர் அவளைவிட ஆறு வயது இளையவர். விடுமுறை நாட்களில் அப்பாவின் பஸ்ஸில் முதல் இருக்கை இரண்டு பேருக்கும். ஜன்னல் அக்காவுக்கு. மடி தம்பிக்கு. அவனுக்குத் தலை வாரிவிடுவதும் அவள்தான். சீப்பைப் பிடித்தால் முடியோடு மூளையும் வந்துவிடும்போல வாருவாள். அழுதால் ‘பொடியா, ராஜா மாதிரி இருக்கே’ என்று கண்ணாடியைக் காட்டுவாள்.

அவளுக்குக் கோபம் அப்பாவிடமிருந்து வந்தது, பிடிவாதமும் அங்கிருந்தே வந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அப்பா முடியாது என்றார். ஒரு மத்தியானம் அவள் போய்விட்டாள். ரேடியோக் கடையும் பூட்டிக் கிடந்தது.

அன்றைக்கு அப்பா வாசலில் நின்று அவளைத் திட்டப் பார்த்தார். வாயைத் திறந்து பெயரை எடுத்தார். முதல் இரண்டு எழுத்து வந்தது. அதற்கு மேல் அது திட்டாக வரவில்லை. அழுகையாக வரும்போல இருந்தது. வாயை மூடிக்கொண்டார். உள்ளே வந்து, இனிமேல் அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றார். கோபமாகக் கூப்பிட முடியாததால் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார் என்று தம்பிக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசப்பட்ட பாஷையே தனி. அம்மா ‘அவ’ என்பாள். அதற்கும் அப்பா முறைத்தால், ‘இந்தத் தட்டுல சாப்பிட்டது’, ‘ஜன்னலோரம் படுத்தது’ என்று அஃறிணைக்கு மாற்றிவிடுவாள். எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கப் போன இடத்திலெல்லாம் வேறொரு ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். கடைசியாகக் கேட்டது, கடல் தாண்டிப் போய்விட்டார்கள் என்று.

தம்பி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பேக்கரியில் தட்டுக் கழுவச் சேர்ந்தான். அவனுக்குப் பேனா பிடித்தால் கோழி கிளறின மாதிரிதான் எழுத்து வரும். ஆனால் பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே ஐசிங்கை நிரப்பி, நுனியைக் கத்தரித்துக் கையில் கொடுத்தால் வேறு ஆளாகிவிடுவான். கேக்கில் எழுதும்போது நுனி கேக்கைத் தொடக் கூடாது. விரல் அகலம் மேலே பிடித்து, எழுத்தை நூல் மாதிரி விழ விட வேண்டும். மூச்சு விட்டால் கோடு நடுங்கும். வருகிற பெயர்களைப் பார்த்தே ஊர் எதற்கு மயங்கிக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவான். சில வருஷம் நீளப் பெயர்களாக வந்து கேக்கில் இடம் போதாமல் திணறுவான். சில வருஷம் எல்லாம் இரண்டெழுத்தில் முடிந்துவிடும்.

பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி பஸ் நிற்கிற பக்கம் பார்த்திருந்தது. அதில் எப்போதும் ஒரு கேக் இருக்கும். நிஜக் கேக் அல்ல, தெர்மோகோல் கட்டைக்கு மேல் சர்க்கரைப் பூச்சு. வெயிலில் பழுப்பேறினால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். அதில் ஒரு பெயர் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிறந்தநாள் கேக் என்று தெரியாது. முதலாளிக்கு அதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஊரில் யாருக்காவது இருக்கிற பெயரை எழுதிவிட்டால் வம்பு. முன்னொரு தடவை அப்படி எழுதப் போக, அந்தப் பெயர்க்காரக் குழந்தை கடை வாசலில் உருண்டு புரண்டு அது என் கேக்கு என்று அழுது, தகப்பன் தெர்மோகோலை விலைக்குக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

“யாருக்கும் இல்லாத பேரா பார்த்து எழுதுடா” என்றார் முதலாளி.

அவனுக்கு யோசிக்கவே தேவை இருக்கவில்லை. ஊரில் யாருக்கும் இல்லாத பெயர் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதோடு, இந்த ஊருக்குள் வருகிற எந்த பஸ்ஸாக இருந்தாலும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். அக்கா என்றைக்காவது வந்தால் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பாள். அவனுக்குத் தெரியாதா?

எழுதினான். கடைசி எழுத்தின் வாலைச் சுழித்துக் கீழே ஒரு கொடியாக ஓடவிட்டான். பழுப்பேறும் ஒவ்வொரு தடவையும் மறுபடி எழுதினான். கல்யாணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், தட்டுக் கழுவின பையன் மாஸ்டர் ஆனார். அப்போதும் எழுதினார்.

அக்காவைக் கொண்டுவரும் பஸ் வரவே இல்லை. ஆனால் அங்கே வேறு பலர் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ் அங்கேதான் வரும். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகிற கர்ப்பிணிகள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதலில் ஒருவர் வந்து அந்தப் பெயரை எழுதிக் கேக் கேட்டபோது, மாஸ்டர் கூம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷம் இன்னும் சிலர். அதற்குப் பிறகு கணக்கில்லை. கடைசியில் முதலாளியே உள்ளே வந்து, “என்னப்பா இது, ஊர்ல பாதிப் பேருக்கு இந்தப் பேருதான். டிஸ்பிளேல வேற ஏதாச்சும் எழுது” என்றார். மாஸ்டர் தலையாட்டினார். வேறு பெயர் எழுத மனசு வரவில்லை. அதற்கப்புறம் அந்தக் கேக்கில் வெறும் பூ மட்டும்தான்.

வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் குடி வந்தவர்களுக்கும் பெண் பிறந்தது. அவர்களும் அதே பெயரை வைத்தார்கள். காலையும் மாலையும் அந்தத் தாய் கூப்பிடுவது நேராக இங்கே வந்து விழுந்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்று நாற்காலியே கதியாக இருந்த அப்பா, எழுந்து போய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். நல்ல வெயில் காலம்.

“புழுங்குதுங்க. காத்து என்ன பாவம் பண்ணுச்சு?” என்று அம்மா கேட்டாள்.

சில நாள் கழித்து ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. மழைக்காலத்தில் பாதி திறந்தது. நாற்காலியும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து வந்திருந்ததை அம்மா கவனித்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாற்காலி மறுபடி பழைய இடத்துக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் மாஸ்டர் மிஞ்சிய பன்னைப் பையில் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை, அப்போது அதற்கு நாலு வயசு இருக்கும், உருண்டோடின பந்துக்குப் பின்னால் நடு ரோட்டுக்கு ஓடியது. முக்கில் வேன் திரும்பியது. மாஸ்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. முழுப் பெயரும் வந்தது. கடைசி எழுத்து தெருக்கோடி வரை இழுத்துக்கொண்டு போயிற்று. கோபத்துக்கு வளையாத அந்தப் பெயர் பயத்துக்கு வளைந்துவிட்டது.

குழந்தை அப்படியே நின்றது. வேன் ஒதுங்கிப் போயிற்று.

அம்மா சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அங்கே மகன் மட்டும் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. காரணமே இல்லாமல் அந்தக் குழந்தையைக் கூப்பிடுவார். அது வந்து “என்ன தாத்தா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, போ” என்பார். அது நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடி கூப்பிடுவார். அதுவும் சளைக்காமல் வரும். அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். அம்மாவும் ரொம்ப நாள் தங்கவில்லை. சொல்லி அனுப்ப அக்காவின் விலாசம் யாரிடமும் இல்லை.

இதெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்க, மாஸ்டர் அந்த வாரம் முழுக்க எதிர்ச்சாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்கத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் தையற்கடை அம்மாவே வந்தார். அதே பெயர்க்காரியான மகளுக்குப் பிறந்தநாள். அவள் அங்கே இருந்தாலும் இங்கே கேக் வெட்டி வீடியோவில் காட்ட வேண்டுமாம்.

பெயரை எழுதி முடிக்கும் வரை மாஸ்டர் பொறுத்திருந்தார். முடித்துவிட்டு, அந்தப் பெயரை எப்படிப் பிடித்தீர்கள் என்று போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டார்.

“அதையேன் கேக்கறீங்க. இவ வயித்துல இருக்கறப்ப ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. உங்க கண்ணாடியில அந்தக் கேக்கு இருந்துச்சு. பேரு நல்லாருக்கேன்னு தோணுச்சு. வீட்டுக்காரர் கேட்டாரு, ஜோசியர் சொன்னாருன்னு அளந்துவிட்டேன்.”

“வெளிநாட்டுல அந்த அம்மா...” என்று இழுத்தார் மாஸ்டர்.

தையற்கடை அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏதோ ஒரு நிகழ்ச்சியில் சட்டையில் பெயர் எழுதிக் குத்திக்கொண்டு நின்றபோது, அந்தப் பெரிய அம்மா மகளின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எந்த ஊர் என்று கேட்டாராம். இந்த ஊர் என்றதும் நம்பவில்லையாம். என் வகுப்பிலேயே ஐந்து பேர் என்று இவள் சொல்ல, அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம்.

“‘அந்த ஊர்ல என் பேரு என்னோடயே போச்சும்மா. நான் கெளம்பின அன்னிக்கே அழிச்சிட்டாங்க. உனக்கு யாரு வச்சா?’ன்னு கேட்டாங்களாம். என் பொண்ணுக்கு என்ன தெரியும்? பேந்தப் பேந்த முழிச்சிருக்கா.”

மாஸ்டர் கூம்பின் நுனியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“அது எங்க அக்கா பேரும்மா” என்றார்.

தையற்கடை அம்மா கைப்பையை மேசையில் வைத்துவிட்டு அங்கிருந்த மாவு டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த அம்மா கேட்டு முடித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப நான் இத்தனை வருஷம் காலைல எழுந்திருடி எழுந்திருடின்னு உங்க அக்காவையா கத்திட்டிருந்தேன்?”

அவருக்குச் சிரிப்பும் வந்தது. மாஸ்டருக்கும் வந்தது.

மறுநாள் மத்தியானம் தையற்கடை அம்மா மகளிடம் கேட்டு அக்காவின் நம்பரைக் கொண்டுவந்தார், கூடவே ஒரு எச்சரிக்கையும். “உடனே எடுக்க மாட்டாங்கண்ணே. அங்க இருக்கறவங்களுக்கு நம்ம ஊர் நம்பரைப் பார்த்தாலே பயம், யாரு போயிட்டாங்களோன்னு. என் பொண்ணே ‘மொதல்ல நல்ல சேதின்னு மெசேஜ் போட்டுட்டு அப்புறம் கூப்பிடும்மா’ன்னு சொல்லுவா.”

நல்ல சேதி என்று போடலாம்தான். ஆனால் அப்பா இல்லை, அம்மா இல்லை. அதையும் இதே வாயால்தான் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது? உன் பெயரை அழிக்கவில்லை அக்கா, ஊர் முழுக்க இருக்கிறது என்பதா? அப்பா கடைசியில் கூப்பிட்டார் என்பதா? அப்படிச் சொன்னால் அவள் உடனே ‘அப்பாகிட்ட குடு’ என்று கேட்டுவிட்டால்? கல்லாப் பெண் தான் மெசேஜ் அடித்துத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார்.

கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து அடுப்பறைக்குப் பின்னால் போய் நின்றார். வேறு யாராவது போனை எடுத்தால் யாரைக் கேட்பது என்று அப்போதுதான் உறைத்தது. அங்கே போய் ‘அக்கா இருக்காங்களா’ என்று கேட்க முடியாது. பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இத்தனை காலம் எழுதியிருக்கிறாரே தவிர, அந்தப் பெயரை அவர் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. சின்ன வயதில் அக்கா. அப்புறம் வீட்டில் தடை. தடை போன பிறகு, ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அவருக்குப் பாப்பா.

மாவு மூட்டைகளைப் பார்த்து ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொன்னார்.

நம்பரை அழுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, நம் ஊர் மணி மாதிரி இல்லாமல், விட்டு விட்டு நீளமாக ஒரு ஒலி. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. அவள் நம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளோ? யார் போனார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறாளோ? பயப்படாதே என்று சொல்லவாவது அவள் எடுக்க வேண்டுமே.

மறுபடி அழுத்தினார்.

“மாஸ்டர், கேக்குக்கு ஆள் நிக்கறாங்க” என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது.

இரு என்று கையைக் காட்டினார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு ஒலிக்கும் நடுவில் விழுகிற அமைதியில் யாரோ மூச்சு விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு நின்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.